போத்தனூர் சந்திப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர் ஜங்ஷனுக்குத் தெற்கே சுமார் ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது போத்தனூர். இன்று மாநகரத்தோடு ஒட்டிப்போய்விட்டதால் பலரும் இதைக் கோவையின் ஒரு பேட்டையாகத்தான் நினைக்கிறார்கள். ரயில் கணக்கில் பார்த்தால் முதலில் வந்தது போத்தனூர். கோவை அதன் கிளை. இந்த ஊரின் முதல் நூறு வருடக் கதையைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கோவையின் முதல் ரயில் நிலையம் எது?

போத்தனூர்தான். 1862-ல் சென்னையிலிருந்து வந்த பாதையும் மலபார் பக்கமிருந்து வந்த பாதையும் இங்கே இணைந்தன. இன்று நாம் கோவை ஜங்ஷன் என்று சொல்லும் இடத்துக்குத் தண்டவாளம் வர 1873 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட பத்து வருடமும் கோயமுத்தூர்க்காரர் ரயிலேற வேண்டுமென்றால் மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ பிடித்து, நொய்யலைக் கடந்து போத்தனூருக்கு வரவேண்டும்.

இவ்வளவு பெரிய ஊரான கோயமுத்தூரை விட்டுவிட்டு ஏன் போத்தனூர் வழியாகப் பாதை போட்டார்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியிலேயே ஒரு சின்னப் பிழை இருக்கிறது. கோயமுத்தூர் அப்போது அவ்வளவு பெரிய ஊர் இல்லை. மாவட்டத் தலைநகர் என்பது சரி. ஆனால் நகராட்சி அமைந்ததே 1866-ல்தான். 1871 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 35,000. ஆலைகள் கிடையாது. முதல் நூற்பாலை வருவது 1880-களின் கடைசியில்.

ரயில் கம்பெனியின் கண் கோயமுத்தூர் மேல் இல்லை, கடல் மேல் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் தொடங்கி, மேற்குக் கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பூர்த் துறைமுகத்தில் முடிவதுதான் திட்டம். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு வாசல் திறந்திருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய். மலையைக் குடையாமல், பெரிய ஏற்றமும் இல்லாமல் ரயில் மறுபக்கம் போய்விடலாம். ஈரோடு, திருப்பூர், இருகூர் என்று வரும் பாதை அந்த வாசலை நோக்கித் திரும்பும்போது இயல்பாகப் போத்தனூர், மதுக்கரை, வாளையாறு என்றுதான் போகும். கோயமுத்தூர் நொய்யலுக்கு வடக்கே ஒதுங்கி இருந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் வளைந்து போய்த் திரும்ப வேண்டும். கம்பெனி அந்தச் செலவைச் செய்யவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த வழியைக் கண்டுபிடித்தது வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் இல்லை. போத்தனூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல், அதாவது ரயில் வருவதற்கு இருபது வருடம் முன்பு, 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பிறகும் அதே ஊரில் காசுப் புதையல்கள் கிடைத்தன. மேற்குக் கரையில் இறங்கிய வணிகம் இந்தக் கணவாய் வழியாகத்தான் கொங்குநாட்டுக்குள் வந்திருக்கிறது. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ‘ராஜகேசரிப் பெருவழி’ என்று பேர் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதுவும் கணவாயை நோக்கிப் போன வழிதான். மாடும் பொதியும் போன தடத்தின் பக்கத்திலேயே தண்டவாளமும் போனது.

ரயில் வருவதற்கு முன்னால் போத்தனூரில் என்ன இருந்தது?

வயலும் தோட்டமுமாக ஒரு கிராமம். குறிச்சி, வெள்ளலூர், செட்டிபாளையம் மாதிரி சுற்றியிருந்த பழைய ஊர்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

பாதையைப் போட்டது யார்? அரசாங்கமா?

அரசாங்கம் இல்லை. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய மெட்ராஸ் ரயில்வே என்ற கம்பெனி. ஆனால் பங்குதாரருக்கு நஷ்டம் வராதபடி, போட்ட முதலுக்கு 5 சதவீதம் வரை வட்டி கொடுப்பதாக ஆட்சியாளர்கள் உத்தரவாதம் தந்திருந்தார்கள். வருமானம் குறைந்தால் மீதியைக் கட்டுவது இந்நாட்டு வரிப்பணம். இதை மறந்துவிட்டு ‘வெள்ளைக்காரன் போட்டுக்கொடுத்த ரயில்’ என்று பேசுவது எனக்கு ஏற்புடையதல்ல.

1853-ல் வேலை தொடங்கியது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கமுள்ள வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. அங்கிருந்து ஜோலார்பேட்டை, சேலம், சங்ககிரி என்று தண்டவாளம் மேற்கே நீண்டுகொண்டே வந்தது. அதே நேரத்தில் மறுமுனையிலும் வேலை நடந்தது. பேப்பூருக்கும் திரூருக்கும் நடுவே 1861 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கியது. கேரளத்தின் முதல் ரயில் அதுதான். இரண்டு பக்கமும் போத்தனூரில் சேர்ந்தபோது சென்னைக்கும் பேப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 650 கிலோமீட்டர் பாதை முழுமையானது. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் இணைத்த முதல் ரயில் பாதை இந்தியாவில் இதுதான். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தொடர் பாதை வந்தது 1870-ல். அந்தப் பெருமையில் போத்தனூருக்கும் பங்கு உண்டு என்பதை ஊர்க்காரர்களே பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

போத்தனூர் எப்போது ‘சந்திப்பு’ ஆனது?

1873-ல். போத்தனூரிலிருந்து வடக்கே கோவை வழியாக மேட்டுப்பாளையம் வரை ஒரு கிளைப் பாதை போட்டார்கள். கோவைக்கு ரயில் நிலையம் கிடைத்தது அதனால்தான். இருகூரிலிருந்து பீளமேடு வழியாகக் கோவைக்கு வரும் பாதை பிற்காலத்தில் போட்டது. அதுவரை சென்னையிலிருந்து வருகிறவர் போத்தனூர் வரை தெற்கே வந்து, மறுபடி வடக்கே திரும்பித்தான் கோவையைத் தொட முடியும்.

மேட்டுப்பாளையத்துக்கு ஏன் அவ்வளவு அவசரமாகப் பாதை?

ஊட்டிக்காக. கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே, கவர்னர் முதல் குமாஸ்தா வரை, ஊட்டிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். மலையில் காப்பியும் தேயிலையும் பயிராகிக்கொண்டிருந்தன. 1873 வரைக்கும் நீலகிரி போகிறவர்கள் போத்தனூரில் இறங்கிச் சாலை வழியாக மலையடிவாரம் போனார்கள். பிறகு மேட்டுப்பாளையம் வரை ரயில், அதற்குமேல் குன்னூர் மலைப்பாதையில் வண்டி. மலை ரயில் குன்னூரை அடைந்தது 1899-ல், ஊட்டியை அடைந்தது 1908-ல். மலை ரயிலைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். அதில் ஏறப் போன முதல் தலைமுறைப் பயணிகள் போத்தனூர் பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் போனார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

ஒரு ரயில் நிலையத்தைச் சுற்றி ஊர் எப்படி வளரும்? அப்படி என்ன வேலை இருந்தது?

நீராவி எஞ்சினைப் பற்றித் தெரிந்தால் இதற்குப் பதில் தானாகவே விளங்கும். இன்றைய மின்சார எஞ்சின் சென்னையில் கிளம்பினால் மங்களூர் வரைக்கும் போகும். கரி எஞ்சின் அப்படி இல்லை. அதற்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும், கரி வேண்டும். சாம்பலைத் தட்டி நெருப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், அச்சுக்கு எண்ணெய் விட வேண்டும். சில மணி நேரம் ஓடினால் டிரைவரும் ஃபயர்மேனும் மாற வேண்டும். கணவாயைத் தாண்டுவதற்கு முன்னாலும் தாண்டி வந்த பின்னாலும் இதையெல்லாம் செய்ய ஓர் இடம் தேவைப்பட்டது. பாலக்காட்டிலிருந்து போத்தனூருக்கு வருவதற்குள், ஐம்பது கிலோமீட்டருக்குள், சுமார் முந்நூறு மீட்டர் உயரம் ஏறவேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று கணவாய்க்குள் புகுந்து அடிக்கும் மாதங்களில் அந்த ஓட்டம் எளிதாக இருந்திருக்காது.

அதனால் லோகோ ஷெட், அதாவது எஞ்சின் கொட்டகை வந்தது. கரி குவிக்க இடம், தண்ணீர்த் தொட்டி, வண்டிகளைப் பிரித்துக் கோக்க யார்டு, பழுதுபார்க்கப் பட்டறை எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். கரி அள்ள ஆள், வண்டி போகும் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கும் கேங்மேன், சாயங்காலமானால் கைகாட்டி மரத்தில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கு வைக்கிறவர், வண்டி நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கிறவர். அப்புறம் ‘கால்பாய்’. இந்த வேலையைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். நடுராத்திரி வண்டிக்குப் போகவேண்டிய டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதுதான் அவருக்கு வேலையே. ஆகவே ரயில்காரர்கள் கூப்பிடு தூரத்தில் குடியிருக்க வேண்டும். ரயில்வே காலனியும் வரிசையாக லைன் வீடுகளும் ஷெட்டுக்கும் நிலையத்துக்கும் பக்கத்திலேயே அமைந்ததற்குக் காரணம் இதுதான். காலனி வந்தால் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் பின்னாலேயே வரும்.

வேலைக்கு ஆட்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து மட்டும் வரவில்லை. பாதை மலபாருக்குப் போவதால் மலையாளிகள் வந்தார்கள், வடக்கிலிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தார்கள். ஒரே தெருவில் மூன்று நான்கு பாஷை கேட்கும் ஊராகப் போத்தனூர் இருந்தது இதனால்தான்.

ஆங்கிலோ இந்தியர்கள் இங்கே அதிகம் இருந்தது ஏன்?

மெயில் வண்டி டிரைவர், கார்டு, ஃபோர்மேன் போன்ற வேலைகளை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் என்று ரயில் கம்பெனிகள் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்தன. இந்தியர்களுக்குக் கீழ்நிலை வேலைகள்தான். சம்பளத்திலும் வீட்டிலும் பெரிய வித்தியாசம். அந்தப் பாகுபாடு அநியாயம், அதை மறைத்து எழுதக் கூடாது. அதே சமயம், தலைமுறை தலைமுறையாக எஞ்சின் நெருப்பில் வெந்து உழைத்த அந்தக் குடும்பங்கள் இந்த ஊருக்குக் கொடுத்தவையும் உண்மை. ஹாக்கியும் நடனமும் கிறிஸ்துமஸ் கேக்கும் போத்தனூர் வாழ்க்கையில் கலந்தது அவர்களால். விடுதலைக்குப் பிறகு பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். போகாமல் இதையே சொந்த ஊராக வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

1876-78 பஞ்சத்தில் ரயில் உதவியதா?

தானியம் கொண்டுவர உதவியது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தானியம் ரயில் பாதையோரத்து ஊர்களுக்கு வேகமாக வந்துசேர்ந்தது. ஆனால் ரயில் இருந்தும் மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். சேலம், கோவை மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டவை. மூட்டை ரயிலில் வந்து இறங்கினாலும் அதை வாங்கக் கையில் காசு இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன்?

ரயில்வே கம்பெனி பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

முதலில் மெட்ராஸ் ரயில்வே. 1908-ல் அதன் பாதைகளைப் பிரித்தபோது ஜோலார்பேட்டைக்கு மேற்கே உள்ள பகுதி சவுத் இந்தியன் ரயில்வே கைக்கு வந்தது. அந்தக் கம்பெனியை 1944-ல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவானது. பழைய பொருள்களில் எம்.ஆர்., எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துகளைப் பார்த்தால் இந்தக் கணக்கை வைத்து வருடத்தை ஊகிக்கலாம்.

பொள்ளாச்சிப் பாதை எப்போது வந்தது?

1915-ல், மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில். மெயின் லைன் பிராட் கேஜ் என்ற அகலப் பாதை என்பதால் போத்தனூரில் இரண்டு அகலமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒரு வண்டியின் பெட்டி மற்றதில் ஓடாது. எனவே பொள்ளாச்சியிலிருந்து வந்த சரக்கை இங்கே இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். சுமை தூக்குகிறவர்களுக்கு இதனால் நிரந்தரமாக வேலை கிடைத்தது. 1928-ல் பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல் வரை பாதை நீண்டதும் பழனிக்கு நேராக ரயிலில் போக முடிந்தது. தைப்பூசத்துக்கு முன்னால் காவடியோடு அந்தச் சின்ன ரயிலில் ஏறும் கூட்டத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் தென்னந்தோப்பு ஓட, பெட்டி முழுக்க விபூதி வாசம். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்டாயிற்று. அது அவசியம்தான். ஆனாலும் அந்த ரயிலின் குலுக்கல் இன்னும் உடம்பில் இருக்கிறது.

1921-ல் போத்தனூரில் நடந்த துயரம் என்ன?

கோவையிலேயே வளர்ந்த பலருக்கும் இது தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1921 ஆகஸ்டில் மலபாரில் மாப்பிளைமார் என்ற அந்தப் பகுதி முஸ்லிம்களின் எழுச்சி, மாப்பிளைக் கலகம், வெடித்தது. அரசு ராணுவச் சட்டம் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தது. அங்கிருந்த சிறைகள் நிரம்பி வழிந்ததால் கைதிகளை ரயிலில் வெளி மாவட்டங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நவம்பர் 19-ம் தேதி சாயங்காலம் திரூரில் சுமார் நூறு கைதிகளைச் சாமான் ஏற்றும் ஒரு மூடிய வேகனில் அடைத்தார்கள். போகவேண்டிய இடம் பெல்லாரி. கைதிகளில் மிகப் பெரும்பாலோர் மாப்பிளைமார், சில இந்துக்களும் இருந்தார்கள். கதவைப் பூட்டியாயிற்று. காற்று வருவதற்கு வழியில்லை.

வண்டி ஷொரனூர், ஒலவக்கோடு (இன்றைய பாலக்காடு ஜங்ஷன்) என்று நின்று நின்று வந்தது. உள்ளே தண்ணீர் கேட்டும் மூச்சுக்காகவும் கதறினார்கள் என்பது உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம். வழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை. சுமார் 140 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கு மேலான பயணம். நள்ளிரவு தாண்டிப் போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிணமாகக் கிடந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலும் சிலர் இறந்தார்கள். மொத்தம் 64 பேர் என்று சில பதிவுகளும் 70 பேர் என்று சில பதிவுகளும் சொல்கின்றன. இறந்தவர்களின் உடல்கள் ரயிலிலேயே திரூருக்குத் திரும்பிப் போயின.

நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. நாப் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். யாருக்கும் சொல்லும்படியான தண்டனை கிடைக்கவில்லை. திரூரில் இந்தத் துயரத்தின் பேரிலேயே நகர மண்டபம் இருக்கிறது. போத்தனூர் நிலையத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் இதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கதவு திறந்தது நம் ஊரில்.

காந்தி போத்தனூருக்கு வந்தாரா?

வந்தார். 1934-ல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் கோவை வந்தபோது போத்தனூரில் ஜி.டி. நாயுடுவின் வீட்டில் தங்கினார்.

போத்தனூர் ஒரு ரயில்வே கோட்டத்தின் தலைமையிடமாக இருந்தது உண்மையா?

உண்மை. போத்தனூர்க் கோட்டம் என்றே ஒன்று இருந்தது. 1956-ல் அதைக் கலைத்து ஒலவக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய கோட்டம் அமைத்தார்கள். அதுதான் இன்றைய பாலக்காடு கோட்டம். மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே வருடம். தலைமையிடம் போனால் அதிகாரிகள் போவார்கள், அலுவலகம் போகும், புதிய வண்டிகள் எங்கே நிற்கும் என்று முடிவு செய்யும் மேஜையும் போய்விடும். அதற்குள் கோவை ஆலை நகரமாக வளர்ந்திருந்தது, ரயில்களும் அங்கே போயின. ஆரம்பத்தில் கிளையாக இருந்தது மரமாகிவிட்டது. போத்தனூரின் இறக்கம் நீராவி எஞ்சின் நின்றபோது தொடங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் 1956-லேயே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது போனால் பழைய கதையில் எதைக் கண்ணால் பார்க்கலாம்?

தண்டவாளங்கள் பிரியும் இடத்தைப் பாருங்கள். வடக்கே போவது கோவை, மேட்டுப்பாளையம் பக்கம்: 1873. வடகிழக்கே இருகூருக்குப் போவதும், தென்மேற்கே மதுக்கரை தாண்டிக் கணவாய்க்குள் போவதும் 1862-ன் மெயின் லைன். இன்றும் கேரளம் போகும் சில ரயில்கள் கோவைக்குள் நுழையாமல் அந்த வழியில் நேராகப் போகின்றன. தெற்கே வளைவது பொள்ளாச்சி. நடைமேம்பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால், மழை பெய்து ஓய்ந்த நாளில், இரண்டு பக்கமும் மலை தெரியும், நடுவில் திறந்த வானம். பாதை அதை நோக்கித்தான் போகிறது.